தலையைத் தூக்காத மாணவன்

எங்கள் பி.எட். கல்லூரியின் பயிற்சி அறையில் ஒரு விதி உண்டு. நான் வைத்த விதிதான். நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டால், அந்த நிமிஷத்திலிருந்து நான் அவர்களுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியன் இல்லை, எட்டாம் வகுப்புப் பையன். கரும்பலகைக்கு முன்னால் நிற்பவர் என்னைச் "சார்" என்று கூப்பிடக் கூடாது. "டேய்" என்றுதான் கூப்பிட வேண்டும். எழுந்திருடா, உட்காருடா, வாயை மூடுடா, எதுவும் சொல்லலாம். மணி அடித்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். எனக்கு ஐம்பத்து மூன்று வயது, வழுக்கை, கொஞ்சம் தொப்பை. பெஞ்சுக்கும் டெஸ்க்குக்கும் நடுவில் நுழைவதற்கே மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டும்.

ஆரம்பத்தில் யாருக்கும் வாய் வராது. "டேய் சார்" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்ட ஒருவர் இப்போது பங்காருபேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் தலைமையாசிரியராக இருக்கிறார். எங்கேயாவது பார்த்தால் இன்றைக்கும் வெட்கப்படுவார்.

இந்த ஆட்டத்தை நான் ஆரம்பித்ததற்குக் காரணம் எரிச்சல்தான். பயிற்சிக்கு வருபவர்கள் பாடத்திட்டம் எழுதிக்கொண்டு வருவார்கள். அதில் இரண்டு கட்டங்கள் இருக்கும். இடது பக்கம் ஆசிரியர் கேட்கும் கேள்வி, வலது பக்கம் மாணவர் சொல்லும் பதில். அந்தப் பதிலையும் ஆசிரியரே முதல் நாள் வீட்டில் உட்கார்ந்து எழுதிவிடுவார். வகுப்பில் பிள்ளைகளாக உட்காருவதும் சக பயிற்சி மாணவர்கள்தான். கேள்வி வந்ததும் எல்லோரும் நல்ல பிள்ளைகளாகக் கையைத் தூக்கி, எழுதிவைத்த அதே பதிலைச் சொல்வார்கள். இப்படியே வருஷம் முழுக்கப் பழகிவிட்டு, ஒரு நாள் நிஜமான நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் போய் நிற்பார்கள். முதல் கேள்விக்குப் பதிலாக, "மிஸ், உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று ஒரு குரல் வரும். அதற்கு வலது கட்டத்தில் ஒன்றும் இருக்காது.

அதனால் அந்தக் குரலாக நானே இருக்கத் தொடங்கினேன். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பாத்ரூம் போக வேண்டுமென்று எழுந்து நிற்பவன், பென்சிலைச் சீவிக்கொண்டே இருப்பவன், பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளிவிட்டு மேலே சீலிங் ஃபேனைப் பார்ப்பவன், எல்லாவற்றுக்கும் "யெஸ் மிஸ்" சொல்லிவிட்டு ஒன்றும் எழுதாதவன் என்று எல்லா வேஷமும் போட்டிருக்கிறேன். எனக்கு இதெல்லாம் நன்றாக வரும். வீட்டில்கூடச் சில சமயம் அந்தப் பையன் ஒட்டிக்கொண்டே வந்துவிடுவான். "காலேஜ்ல போட்ற வேஷத்த அங்கியே கழட்டி வெச்சிட்டு வாங்க, இங்க எனக்கு ஒரு ஆம்பள போதும்" என்பாள் என் மனைவி.

அவள் போன மார்ச்சில் இறந்துபோனாள். காலையில் மார்பில் ஏதோ அடைக்கிறது என்றாள், கோலாருக்குக் கொண்டுபோனோம், சாயங்காலம் ஆம்புலன்ஸில் திருப்பிக் கொண்டுவந்தோம். சர்ச்சில் பாடினார்கள். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டேன். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. பெங்களூரில் இருக்கும் என் மகள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோதும் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி, பந்தலுக்கு நாற்காலி கொண்டுவர வேண்டியவன் இன்னும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, கிள்ளினாலும் தெரியாமல், அப்படித்தான் இருந்தேன். ஊசியின் மயக்கம் சாயங்காலம் தெளிந்துவிடும், இது தெளியவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், விடுமுறை முடிந்து கல்லூரிக்கும் போனேன். சபையிலிருந்து முறை வைத்துச் சாப்பாடு அனுப்பினார்கள். "தைரியமா இருங்க" என்றார்கள். தைரியத்துக்கு என்ன குறைச்சல், பயமே வரவில்லையே என்று நினைத்துக்கொண்டு, "ஆமாங்க" என்றேன். பாஸ்டர் வாரத்துக்கு ஒரு தடவை வந்து ஜெபம் பண்ணினார். அதற்கும் "ஆமென்" என்றேன்.

அந்த வருஷப் பயிற்சி மாணவர்களில், பக்கத்தில் பாலகாட் என்ற சுரங்கக் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். இருபத்து நான்கு வயது இருக்கும், சயின்ஸ் படித்தவள். அப்பா பெங்களூரில் ஒரு அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி. அக்காவும் தினமும் மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் காலை ரயிலில் பெங்களூருக்குப் போய், ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்துவிட்டு, ராத்திரி திரும்புகிறவள். இவளுக்கும் அதே கம்பெனியில் சொல்லிவைத்திருந்தார்கள். டீச்சர் ஆகிறேன் என்று வீட்டில் சண்டை போட்டு, இரண்டு வருஷம் தவணை வாங்கிக்கொண்டு வந்தவள் அவள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், பேச்சுதான் தொண்டையிலேயே நின்றுவிடும்.

பள்ளிக்கூடத்தில் போய்ப் பாடம் எடுக்கும் பயிற்சி தொடங்கிய முதல் நாளே அவள் வகுப்பை விட்டு வெளியே வந்துவிட்டாள். எட்டாம் வகுப்பு, உராய்வு என்ற பாடம். மூன்றாவது பெஞ்சில் ஒரு சிறுமி டெஸ்க்கில் தலையைக் கவிழ்த்துப் படுத்திருந்தாளாம். இவள் எழுந்திரு என்றாள். எழவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னாள். அப்போதும் எழவில்லை. பக்கத்தில் போய் நின்றுகொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தாள். பின்னால் யாரோ சிரித்தார்கள், பிறகு வகுப்பே சிரித்தது. இவள் சாக்பீஸை மேஜைமேல் வைத்துவிட்டு நேராக நடந்து, கேட்டுக்குப் பக்கத்தில் வாட்ச்மேன் ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஆசிரியர் இல்லாத வகுப்பு எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பள்ளியிலிருந்து எங்கள் பிரின்சிபலுக்கு போன் வந்தது.

பிரின்சிபல் கண்டிப்பான அம்மா, ஆனால் நியாயமானவர். என்னையும் அந்தப் பெண்ணையும் சேர்த்துக் கூப்பிட்டார்.

"இன்னொரு வாட்டி இப்படி நடந்தா அந்த ஸ்கூல் நம்ம பசங்க யாரையும் உள்ள சேர்க்க மாட்டாங்க. ஒரு வாரம் சார்கிட்ட ரிகர்சல் பண்ணு. இவ ரெடின்னு அவர் சொன்னா அனுப்புறேன். சொல்லலைன்னா இந்த வருஷம் உனக்கு பிராக்டிஸ் கிடையாது. பிராக்டிஸ் இல்லைன்னா பரிட்சையும் இல்ல."

அந்தப் பெண் பிரின்சிபலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை. "சரிங்க மேடம்" என்றேன்.

மறுநாள் மத்தியானத்திலிருந்து ஒத்திகை ஆரம்பமானது. அடுத்து அவள் எடுக்க வேண்டிய பாடம் ஒலி. பத்துப் பன்னிரண்டு பேர் பிள்ளைகளாக உட்கார்ந்தார்கள். வெளியே காற்று அடித்தால், மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து மண் பறந்து வரும் என்பதால் மேற்குப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருப்போம். அப்படியும் டெஸ்க்கின்மேல் எப்போதும் நறநறவென்று ஒரு படலம் இருக்கும். நான் கடைசி பெஞ்சில் நுழைந்து, அந்தப் படலத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, கைகளை மடித்து, அதன்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். எந்தப் பிள்ளையைக் கண்டு ஓடிவந்தாளோ அந்தப் பிள்ளையாக இருப்பதுதான் சரியான பயிற்சி என்று சொன்னேன். யாரும் மறுக்கவில்லை.

முதல் நாள் அவள் கூப்பிட்டுப் பார்த்தாள். "டேய்... ஏந்திரிடா." குரலே எழும்பவில்லை. நான் அசையவில்லை. இரண்டாம் நாள் சுலபமான கேள்வி ஒன்றைக் கேட்டு, பதில் சொன்னால் எல்லோரும் கைதட்டுவார்கள் என்றாள். பிறகு பக்கத்தில் வந்து நின்றபடியே பாடத்தை நடத்தினாள். ஸ்கேலை மேஜை ஓரத்தில் வைத்து மீட்டி, "இது இன்னா சத்தம், பின்னால படுத்துனு கீறவர் சொல்லட்டும்" என்று வேடிக்கை காட்டினாள். முகம் கழுவிவிட்டு வா என்றாள், உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். புத்தகத்தில் இருக்கிற உத்திகள் எல்லாம் தீர்ந்துபோயின. எதற்கும் நான் தலையைத் தூக்கவில்லை.

"சார் பயங்கரமா நடிக்கிறாருப்பா" என்று ஒருவன் சொல்வது காதில் விழுந்தது.

நான் நடிக்கவில்லை என்பது எனக்கே மெதுவாகத்தான் தெரிந்தது. காலையில் எழுந்ததும் அந்த மத்தியான வேளைக்காகக் காத்திருக்க ஆரம்பித்திருந்தேன். நாள் முழுக்க என் முகத்தில் எதையோ தேடுகிறவர்கள் நடுவில் முகத்தை வைத்துக்கொண்டு திரிய வேண்டியிருந்தது. அங்கே அது வேண்டாம். இருட்டு, மரவாசனை, என் மூச்சின் சூடு, அவ்வளவுதான். யாரோ ஒருத்தி தூரத்தில் அதிர்வு, அலை, ஊடகம் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். மணி அடித்தால் வருத்தமாக இருக்கும். அந்த மாதங்களில் எனக்கு வந்த ஒரே வருத்தம் அதுதான்.

வெள்ளிக்கிழமை பிரின்சிபல் வராந்தாவில் நிறுத்திக் கேட்டார்.

"இன்னா சார், அந்தப் பொண்ணு எப்பிடி? செவ்வாக்கிழமை அனுப்பலாமா?"

"இன்னும் பத்தாதுங்க மேடம். பையன் தலையைத் தூக்கவே இல்லையே" என்றேன்.

சொல்லிவிட்டுத் திரும்பினால் அவள் பின்னால் நிற்கிறாள். கையில் தண்ணீர் பாட்டில். வகுப்புக்குள் போய்விட்டாள்.

சனிக்கிழமை அரை நாள். ஒத்திகை முடிந்து மணி அடித்ததும் மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் இன்னும் கவிழ்ந்தே இருந்தேன். அறையில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அவள் குரல் கேட்டது. முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"பெல் அட்ச்சி எவ்ளோ நேரம் ஆவுது சார்."

தலையைத் தூக்கினேன். கன்னத்தில் சட்டைக் கையின் மடிப்பு பதிந்திருக்க வேண்டும், குறுகுறுத்தது.

"சார், ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"நான் இன்னா பண்ணாலும் நீங்க ஏந்திரிக்க மாட்டீங்க சார். நான் இல்ல, யார் வந்து கூப்ட்டாலும் ஏந்திரிக்க மாட்டீங்க. அந்தப் பொண்ணு ஏந்திரிப்பாளோ இன்னாவோ, தெரியாது. ஆனா அவ சின்னப் பொண்ணு சார். என்னை அவகிட்ட அனுப்புங்க. உங்ககிட்ட நான் பாஸாவ முடியாது."

எனக்குக் கோபம் வந்தது. உண்மையிலேயே வந்தது. இத்தனை வருஷமாகப் பிள்ளைகளாக நடித்துத்தான் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன், எது நடிப்பு எது நிஜம் என்று நேற்று வந்தவள் எனக்குச் சொல்ல வேண்டுமா என்று கத்தினேன். வகுப்பை விட்டு ஓடியது நீயா நானா என்றும் கேட்டேன். அவள் எழுந்து நின்று கேட்டுக்கொண்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை.

"நான்தான் சார் ஓடனேன்" என்றாள். "திங்கக்கெழம நீங்க ரெடின்னு சொல்லலைன்னா, அப்பா என்னை அக்கா கம்பெனிக்குப் போவச் சொல்ட்டாரு. அதான் கேட்டேன்." பையை எடுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கோபம் வடிந்து, அவள் சொன்னது மட்டும் நின்றது. பெற்ற மகள் கூப்பிட்டு எழாத தலை, பாஸ்டர் ஜெபம் பண்ணி எழாத தலை. அதை எழுப்பிக் காட்டினால்தான் உனக்கு வேலை என்று ஒரு சின்னப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன். எனக்கு வெட்கமாகக்கூட இல்லை. கணக்கில் எங்கே பிசகு என்று கண்டுபிடித்ததைப் போலத்தான் இருந்தது. திங்கட்கிழமை முதல் வேலையாகப் பிரின்சிபலிடம் போய், "ரெடி மேடம், அனுப்புங்க" என்றேன்.

"பையன் தலையைத் தூக்கிட்டானா?"

"அவன் தூக்க மாட்டான் மேடம். அது இவ தப்பு இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்து, "சரி, நீங்க கூடப் போயி உட்காருங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியட். கடைசி பெஞ்சில் ஒரு ஒல்லிப் பையனுக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கொடுத்தார்கள். மடியில் மதிப்பெண் போடும் தாள். வகுப்பில் தமிழ், கன்னடம், தெலுங்கு எல்லாம் சேர்ந்து இரைந்துகொண்டிருந்தன. மூன்றாவது பெஞ்சில் அந்தச் சிறுமி இருந்தாள். எண்ணெய் வைத்துப் பின்னிய இரட்டைச் சடை, பச்சை ரிப்பன். உள்ளே நுழைந்தபோதே தலை டெஸ்க்கில் கவிழ்ந்திருந்தது.

எங்கள் பெண் உள்ளே வந்தாள். கரும்பலகையில் "ஒலி" என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதினாள், தமிழில் வாயால் சொன்னாள். திரும்பினாள். அவள் பார்வை நேராக மூன்றாவது பெஞ்சுக்குப் போய் அங்கேயே நின்றது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். போன தடவை நடந்தது பிள்ளைகளுக்கு மறந்திருக்காது. இரண்டு மூன்று பேர் கதவைப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். அவள் சாக்பீஸை மேஜைமேல் வைத்தாள். போச்சு என்று நினைத்தேன்.

"எல்லாரும் தலைய டெஸ்க்ல வைங்க" என்றாள். "ஒரு காது மரத்துல ஒட்டணும். கண்ண மூடிக்கோங்க. யாரும் தல தூக்கக் கூடாது. தூக்கனா அவுட்."

இது எங்கள் ஒத்திகையில் இல்லாதது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ஏதோ விளையாட்டு என்று தெரிந்ததும் படபடவென்று கவிழ்ந்தார்கள். நாற்பது தலைகளும் டெஸ்க்கில். பச்சை ரிப்பன்காரி மட்டும் அசையவில்லை. அவள் அசைய வேண்டிய அவசியமே இல்லை.

"மிஸ், இவ மொதல்லருந்தே கரெக்டா கீறா மிஸ்!" என்று அவளுக்குப் பின்னால் இருந்த பெண் கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளைப் பார்த்துச் சிரித்த சிரிப்புதான், ஆனால் வேறு மாதிரி இருந்தது.

"ஆமா, அவதான் ஃபர்ஸ்ட்" என்றாள் எங்கள் பெண். "இப்ப நான் ஒவ்வொரு டெஸ்க்கா தட்டுவேன். ஒரு விரலால, மெதுவா. காத்துல கேக்காது, மரத்துல கேக்கும். கேட்டவங்க திருப்பி ஒரு தட்டு தட்டுங்க. அவ்ளோதான்."

வகுப்பு அடங்கியது. அவ்வளவு பேர் இருந்தும் வெளியே ரோட்டில் ஆட்டோ போவது கேட்டது. அவள் முதல் டெஸ்க்கின் ஓரத்தைத் தட்டினாள். நாலைந்து தட்டுகள் திரும்பி வந்தன. இரண்டாவது டெஸ்க்கில் "கேளிஸ்தில்லா மிஸ்", கேட்கவில்லை என்று கன்னடத்தில் ஒருவன் முனகினான். "காத நல்லா ஒட்டு" என்று சொல்லி மறுபடி தட்டினாள், அவனும் தட்டினான். மூன்றாவது டெஸ்க்குக்கு வந்தாள். தட்டினாள். அந்தச் சிறுமியின் பக்கத்தில் இருந்த இருவரும் உடனே தட்டினார்கள். அவள் தட்டவில்லை. எங்கள் பெண் அவசரப்படவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, குனிந்துகூடப் பார்க்கவில்லை. இன்னொரு தடவை மட்டும் தட்டிவிட்டு நின்றாள். மடித்த கைகளுக்குக் கீழேயிருந்து ஒரு விரல் வெளியே வந்தது. டெஸ்க்கை ஒரு தடவை தட்டிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டது. அந்தத் தலை அந்தப் பீரியட் முழுக்க எழவே இல்லை.

அவள் வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்து கடைசி பெஞ்சை நெருங்கினாள். ஒல்லிப் பையன் ஏற்கெனவே காதை ஒட்டிக்கொண்டு கிடந்தான். நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, அவனுக்காகத்தான் நின்றாள். ஏனென்று தெரியாது, நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு டெஸ்க்கில் காதை வைத்தேன். அந்த ஒரு வாரமும் காதைக் கையின்மேல்தான் வைத்திருந்தேன், மரத்தில் வைக்கவில்லை. அவள் தட்டியது டொக்கென்று விழுந்தது. இவ்வளவு பெரிய சத்தமாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. காதுக்குள் இல்லை, தாடையில், பல்லில், நெஞ்செலும்பில் வந்து விழுந்தது. பையன் தட்டினான். நானும் விரலை மடக்கித் தட்டினேன். தட்டியதும் அழுகை வந்துவிட்டது. மார்ச்சிலிருந்து வராத அழுகை, மூக்கிலும் தொண்டையிலும் சத்தமாக, நிறுத்த முடியாமல். என் மனைவி போய்விட்டாள் என்பது அன்றைக்குத்தான், அந்த டெஸ்க்கில் கிடந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

ஒல்லிப் பையன் எழுந்து நின்றுவிட்டான்.

"மிஸ்! மிஸ்! இந்த சார் அழுவுறாரு மிஸ்!"

நாற்பது தலைகளும் எழுந்து திரும்பும் நேரம். ஒரு வகுப்பு கைநழுவிப் போவதற்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. எங்கள் பெண் அதற்குள் அடுத்த வரிசைக்குப் போயிருந்தாள். திரும்பிப் பார்க்காமலேயே சொன்னாள்.

"நீ ஏன்டா தல தூக்கன? அவுட் நீ. அவரு பாட்டுக்கு அழுவட்டும், நீ காத வை."

பையன் உட்கார்ந்து காதை வைத்தான். அவள் அடுத்த டெஸ்க்கைத் தட்டினாள்.